மராஷ் பின்னலும் ஆர்மேனிய முடிச்சு லேஸும்: இன்றைய பொருள்களில் எப்படிக் கொண்டுவருவது

கட்ச் வொர்க் போட்டுப் பழகியவர்களுக்கு ஆர்மேனியர்களின் மராஷ் எம்பிராய்டரி பாதி தெரிந்த வேலைதான். துணியில் முதலில் குறுக்கு நூல்களால் ஒரு கட்டம் போட வேண்டும். பிறகு வேறொரு நூலைத் துணியைத் தொடாமல் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் மேலும் கீழுமாக நுழைத்துப் பின்ன வேண்டும். இங்கே பிளவுஸ் கையிலும் புடவை முந்தியிலும் கண்ணாடி வைத்துப் போடுகிறோம். மராஷில் கண்ணாடி கிடையாது. கறுப்பு, கருநீலம், அடர் மெரூன் வெல்வெட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பளிச்சென்ற நூல்களில் சின்னச் சின்னச் சிலுவைகளாகக் கோத்துக் கொண்டுபோவார்கள்.

மராஷ் என்பது சிலிசியப் பகுதியில் இருந்த நகரம். இன்று துருக்கியில் கஹ்ரமான்மராஷ். 1915 இனப்படுகொலைக்கும் 1920 தொடக்கத்தில் அந்த நகரத்திலேயே நடந்த கொலைகளுக்கும் தப்பியவர்கள் அலெப்போவுக்கும் பெய்ரூட்டுக்கும் போனார்கள். அநாதை இல்லங்களில் வளர்ந்த பெண்களுக்கு இந்த ஊசிவேலை சோறு போட்டது. இன்று ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலும் பெய்ரூட்டிலும் வடிவமைப்பாளர்கள் இதைக் கையில் எடுக்கிறார்கள் என்றால், அந்தப் பெண்கள் விடாமல் வைத்திருந்ததால்தான். இதை வைத்துப் பொருள் செய்து விற்கிறவர்கள் மராஷ் என்ற பெயரைப் பொருளோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

'ஆர்மேனிய மரபில் ஊறிய இன்றைய வடிவமைப்பு' என்ற பெயரில் சந்தைக்கு வருவதில் நிறைய, படத்தை எடுத்து ஒட்டிய வேலை. மாதுளம்பழம், நித்தியச் சக்கரம், கல்சிலுவைப் பின்னல், கம்பளத்து டிராகன் எல்லாம் கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சாகி வருகின்றன. அச்சடிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கைவினை ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்து, அந்தக் கட்டுமானத்தையே புதிய பொருளுக்குக் கொண்டுவரும்போதுதான் மரபு உண்மையில் வேலை செய்கிறது. மராஷின் பின்னல் நூல் துணியைத் தொடுவதே இல்லை. கட்டத்தைப் போடும் அடித்தையலும் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் துணிக்குள் இறங்குகிறது. ஆர்மேனிய ஊசி லேஸில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி முடிச்சு. இந்த இரண்டு குணங்களைப் பிடித்துக்கொண்டால் தோல், மரப்பலகை, விளக்கு, காதணி எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கும்.

மராஷ் பட்டை: அடித்தையல்

சிலுவையில் தொடங்காதீர்கள். பட்டையில் கை பழகினால் சிலுவை தானாக வரும். முதல் மாதிரிக்கு வெல்வெட்டும் வேண்டாம். இறுக்கமான காட்டன் கேன்வாஸ் அல்லது லினன் எடுத்து, 12 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் போடுங்கள். பேர்ல் காட்டன் எனும் முறுக்கிய பளபளப்புப் பருத்தி நூலில் 5ஆம் எண் இந்த அகலத்துக்குச் சரி. 8ஆம் எண் என்றால் அகலத்தை 8 மில்லிமீட்டராகக் குறையுங்கள். மெல்லிய நூலை அகலமான பட்டையில் போட்டால் நூல்கள் தொளதொளவென்று நகரும், எதிலாவது மாட்டும்.

அடித்தையல் இரண்டு வரிசை ஹெர்ரிங்போன், அதாவது இரண்டு கோடுகளுக்கு இடையே சாய்வாக ஏறி இறங்கி, முனைகளில் குறுக்கிட்டுப் போகும் மீன்முள் தையல். ஒவ்வொரு வரிசையிலும் ஊசி துணியைக் கொத்தும் நீளம் 3 மில்லிமீட்டர். ஒரு கொத்திலிருந்து அதே கோட்டில் அடுத்த கொத்துக்கு 12 மில்லிமீட்டர். இரண்டாவது வரிசையின் கொத்துகள் முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நட்டநடுவே, 6 மில்லிமீட்டர் தள்ளி விழ வேண்டும்.

சாதாரண ஹெர்ரிங்போனில் புது நூல் எப்போதும் பழைய நூலுக்கு மேலேயே படுக்கும். இங்கே அப்படி விட்டால் காரியம் கெட்டது. முதல் வரிசையில், கீழிருந்து மேலே ஏறும் நூல் தான் சந்திக்கும் பழைய நூலுக்கு மேலே படுக்கட்டும். மேலிருந்து கீழே இறங்கும்போது ஊசியை ஏறிய நூலுக்கு அடியில் நுழைத்து எடுங்கள். இரண்டாவது வரிசையிலும் இதே விதிதான், கூடவே நடுவில் முதல் வரிசை நூலைச் சந்திக்கும் இடம் ஒன்று சேரும். அங்கே ஏறும் நூல் அடியில் போகும், இறங்கும் நூல் மேலே போகும். முடித்தபின் எந்தச் சாய்வு நூலை எடுத்துப் பார்த்தாலும் மூன்று வெட்டுப்புள்ளிகள் இருக்கும். ஏறும் நூலில் மேல், கீழ், மேல். இறங்கும் நூலில் கீழ், மேல், கீழ்.

பின்னலைத் தொடங்கும் முன் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஊசியின் மழுங்கிய பக்கத்தால் ஒவ்வொரு நூலாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எங்காவது ஒரே நூல் இரண்டு முறை தொடர்ந்து மேலே வந்தால் அங்கே பின்னல் பூட்டிக்கொள்ளாது. முழுப் பட்டையும் முடிந்தபிறகு அந்த இடத்தில் மட்டும் ஒரு பொத்தல் மாதிரி வாய் திறந்து நிற்கும். மேலே எத்தனை முறை பின்னினாலும் அதை மூட முடியாது. கற்றுக்கொள்கிறவர்களின் வேலையில் 'ஏதோ சரியில்லை' என்று தெரிகிற பெரும்பாலான இடங்களுக்குக் காரணம் பின்னல் அல்ல, அடித்தையல்.

இழுவிசை அடுத்த விஷயம். வளையத்தில் துணியை முரசு போல இறுக்கி, அடித்தையலையும் இறுக்கிப் போட்டால், பின்னல் நூல் நுழைய இடமே இருக்காது. நுழைத்தாலும் இரண்டு ஓரத் துணியும் உள்ளே இழுபட்டுச் சுருங்கும். அடித்தையல் துணிமேல் கிடக்கும்போது அதன் அடியில் முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி தடையில்லாமல் போய்வர வேண்டும், அந்தத் தளர்வு போதும். அதற்கு மேல் தளர்ந்தால் பட்டை அலையும்.

பின்னல்

டேபஸ்ட்ரி ஊசி, 24ஆம் எண். பட்டையின் இடது முனையில் நூலைக் கீழிருந்து எடுத்து, மேல்பாதியில் வலப்பக்கமாகப் போங்கள். ஒவ்வொரு வெட்டுப்புள்ளியையும் சுற்றி வரும்போது ஒரு நூலுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ். பின்னல் நூல் தன்னையே குறுக்கிடும் இடத்திலும் இதே முறைதான். வலது முனையைச் சுற்றித் திரும்பி, கீழ்ப்பாதியில் இடப்பக்கமாக வர வேண்டும். நடு வெட்டுப்புள்ளிகளில் திரும்பும் நூல், போன நூலோடு கோத்துக்கொள்ளும். பட்டை பூட்டிக்கொள்வது அங்கேதான். தொடங்கிய இடத்துக்கு வந்தபின் நூலைப் பின்பக்கம் இறக்கி, அடித்தையலின் கொத்துகளுக்குள் நாலைந்து முறை ஓட்டி முடியுங்கள்.

நூல் கணக்கு முக்கியம், ஏனென்றால் பின்னல் நூலை நடுவில் ஒட்டுப்போட்டால் மறைக்க இடம் கிடையாது. மேலே சொன்ன அளவில் அடித்தையலுக்குப் பட்டையின் நீளத்தைப்போல ஆறு மடங்கு நூல் பிடிக்கும். 10 சென்டிமீட்டர் பட்டைக்கு 60 சென்டிமீட்டர், முனைகளுக்குத் தனியாகக் கொஞ்சம். பின்னல் நூலின் அளவு ஆளுக்கு ஆள் கையிறுக்கத்தைப் பொறுத்து மாறும். அதனால் 5 சென்டிமீட்டர் மாதிரி ஒன்றைப் பின்னிப் பிரித்து அளந்து, அந்தக் கணக்கில் வெட்டுவதே சரி. ஒரே இழையில் முடிக்க முடியாத நீளம் என்றால் வடிவத்தையே துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள். மராஷில் நீண்ட பட்டையைவிடத் தனித்தனிச் சிலுவைகளும் கட்டங்களும் அதிகம் தெரிவதற்கு இதுவும் வசதியான காரணம்.

பின்னும்போது நூல் முறுக்கேறும். சில தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டு, நூல் தானாகச் சுழன்று முறுக்கு இறங்கும்வரை விடுங்கள். முறுக்கேறிய நூல் மங்கலாகவும் மெலிந்தும் தெரியும்; பட்டையின் ஒரு பாதி பளபளப்பாகவும் மறுபாதி மந்தமாகவும் இருந்தால் அதற்கு இதுதான் காரணம். ஊசி அடித்தையல் இழைக்குள் குத்திக்கொண்டே இருந்தால், ஊசியைத் திருப்பிக் காதுப்பக்கத்தை முன்னே விட்டு நுழையுங்கள்.

வெல்வெட்டுக்கு வரும்போது வளையம் போடக் கூடாது, வட்டத் தழும்பு விழுந்தால் போகாது. காட்டன் துணியை ஃப்ரேமில் கட்டி அதன்மேல் வெல்வெட்டை ஓட்டுத்தையலில் பிடித்துக்கொள்ளுங்கள். சாக் கோடு வெல்வெட்டின் மயிரில் நிற்காது. மெல்லிய நூலில் ஓட்டுத்தையல் போட்டு இணைகோடுகளைக் குறியுங்கள், பிறகு உருவிவிடலாம்.

தோலும் பலகையும்

இனி இன்றைய பொருள்கள். அடித்தையல் ஓரங்களில் மட்டுமே இறங்குகிறது என்பதால், ஓரங்களில் துளையிட முடிகிற எதுவும் மராஷுக்குத் தளம் ஆகும்.

மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல், 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன். 0.8 மில்லிமீட்டர் மெழுகு நூல். மேலே சொன்ன அதே கணக்கில், பட்டை அகலத்தை 15 மில்லிமீட்டருக்கு ஏற்றிக்கொண்டு, துளைகளை முன்பே குத்தூசியால் போட்டுவிடுங்கள். தோலின் வெட்டோரத்திலிருந்து முதல் துளைவரிசை 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். குறைந்தால் பின்னல் இழுக்கும்போது ஓரம் கிழியும். துணியில் தவறான துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. அதனால் துளைக் கணக்கைக் காகிதத்தில் வரைந்து ஒட்டிக் குத்துவது நல்லது. பையில் இதைப் போடும் இடம் மூடியின் நடுப்பகுதி. அடிப்பாகமும் பக்கவாட்டும் வேண்டாம், உராய்ந்து பின்னல் ஓரிரு மாதத்தில் பஞ்சாகிவிடும்.

பலகைக்கு 4 மில்லிமீட்டர் பிளைவுட், 3 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு, 60 மில்லிமீட்டர் அகலப் பட்டை. கதவுப் பலகை, அறைத் தடுப்பு, கட்டில் தலைப்பக்கம் எதற்கும் பொருந்தும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பலகை விட்டுக்கொடுக்காது. அடித்தையலின் தளர்வை நீங்களே வைக்க வேண்டும். இரண்டு துளைவரிசைகளுக்கு நடுவே பலகைமேல் ஸ்வெட்டர் பின்னும் 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் அடித்தையலைப் போட்டு, பின்னல் தொடங்கும்போது உருவிவிடுங்கள். எல்லா நூலுக்கும் ஒரே அளவுத் தளர்வு கிடைக்கும். துளையின் விளிம்பை மணற்காகிதத்தால் மழுக்காவிட்டால் கயிறு அங்கேதான் அறும்.

நிறத்தில் ஒரு சொல். பழைய மராஷின் பல வண்ணத்தை அப்படியே பெரிய அளவில் போட்டால் கண்ணுக்குக் கனமாகிவிடுகிறது. அடித்தையலைத் தளத்தின் நிறத்திலேயே போட்டு, பின்னலை மட்டும் வேறு நிறத்தில் எடுத்தால் அடித்தையல் ஒதுங்கிக்கொள்ளும், பின்னல் காற்றில் மிதப்பதுபோல் தெரியும். எனக்குப் பிடித்த வழி இது. இன்னொன்று, சிலுவை வடிவத்தைக் கால்மிதியிலும் செருப்பிலும் தயவுசெய்து போடாதீர்கள். அது அவர்கள் வழிபாட்டுச் சின்னம். பட்டை, முக்கோணம், சதுரக் கட்டம் என்று வேறு வடிவங்கள் தாராளமாக இருக்கின்றன.

இந்த முடிவில்லாப் பின்னலைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் ஆர்மேனியாவின் கோஷவாங்க் மடத்துக்குப் போக வேண்டும். போகோஸ் என்ற சிற்பி 1291இல் செதுக்கிய கல்சிலுவை அங்கே நிற்கிறது. லேஸ் துணி போலக் குடைந்த வேலை என்பதால் ஊசிவேலையின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். கல்சிலுவைக் கலை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

முடிச்சு லேஸ்

ஆர்மேனிய ஊசி லேஸுக்குத் தலையணை, உருளை, குரோஷா ஊசி எதுவும் வேண்டாம். ஒரு தையல் ஊசியும் நூலும் போதும். துணியோரத்தில் ஊசியைப் பின்பக்கத்திலிருந்து குத்தி, பாதி வெளியே வந்த நிலையில் நிறுத்துங்கள். ஊசிக்காதிலிருந்து வரும் இரட்டை இழையைப் பிடித்து ஊசிமுனையைச் சுற்றிப் போடுங்கள். பிறகு ஊசியை இழுத்து, கடைசியில் சட்டென்று ஒரு இழுப்பு. முடிச்சு விழும். அடுத்த முடிச்சுக்கு முன் 3 மில்லிமீட்டர் வளைவு விடுங்கள், அதுதான் கண்ணி. அடுத்த வரிசை முடிச்சுகள் இந்தக் கண்ணிகளுக்குள் விழும். ஒரே கண்ணிக்குள் இரண்டு முடிச்சு போட்டால் எண்ணிக்கை கூடும், ஒன்றை விட்டுத் தாண்டினால் குறையும்.

கடைசி இழுப்பின் திசைதான் முடிச்சின் தரம். துணியோரத்துக்கு நேர்செங்குத்தாக இழுத்தால் முடிச்சு கண்ணியின் உச்சியில் நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் முடிச்சு சரிந்து கண்ணிகள் ஒன்று பெரிது ஒன்று சிறிதாகும். ஒருமுறை இறுகிய முடிச்சு பிரியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்தப் பிடிவாதமே இந்த லேஸின் பலம். குரோஷாவில் ஓர் இழை அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு போகும். இதில் ஒரு கண்ணி அறுந்தால் அந்தக் கண்ணியோடு நிற்கும். தினமும் தேய்ந்து இழுபடும் காதணி, கைச்சங்கிலி, கண்ணாடிக் கயிறு ஆகியவற்றுக்கு இது ஏன் பொருத்தம் என்று இதிலிருந்தே புரியும்.

வட்ட லேஸ் செய்யும்போது எல்லோரும் தடுமாறுவது கண்ணி கூட்டுவதில். கணக்கு எளிது. ஒரு சுற்றின் உயரம் 3 மில்லிமீட்டர் என்றால், சுற்றுக்குச் சுற்று வட்டத்தின் சுற்றளவு சுமார் 19 மில்லிமீட்டர் கூடுகிறது. கண்ணி அகலமும் 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் லேஸ் தட்டையாகக் கிடக்கும். அதற்கு மேல் கூட்டினால் ஓரம் அலையலையாக மடியும். மூன்று மட்டும் கூட்டினால் கிண்ணமாகக் குழியும். கூட்டுவதை நிறுத்திவிட்டால் நேராகக் குழாய் எழும். பழைய மேசை விரிப்புகளுக்குத் தட்டை வேண்டியிருந்தது. இன்றைக்கு மேசை விரிப்பு யாரும் வாங்குவதில்லை, ஆனால் கிண்ணத்துக்கும் குழாய்க்கும் வேலை இருக்கிறது. விளக்கு உறை, மணி வடிவக் காதணி, பூக்குவளைச் சட்டை எல்லாம் இந்த ஒரே கணக்கை மாற்றிப் போட்டால் கிடைப்பவை.

விறைப்பாக நிற்கச் சர்க்கரைப்பாகில் முக்கிக் காயவைக்கும் பழைய வழி நம் ஊருக்கு வேண்டாம், எறும்பு வரும், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். மரவள்ளி மாவுக் கஞ்சி நன்றாக நிற்கிறது. விளக்கு உறை என்றால் எல்.இ.டி. பல்பு மட்டும், லேஸுக்கும் பல்புக்கும் இடையே 5 சென்டிமீட்டராவது இடைவெளி. வெள்ளிக் கம்பியில் இதே முடிச்சைப் போடப் பார்க்கிறவர்கள் உண்டு. 0.3 மில்லிமீட்டர் கம்பிகூட இறுக்கும் இடத்தில் கெட்டித்து ஒடிந்துவிடும். கம்பியில் முடிச்சை விட்டுவிட்டுக் கண்ணியை மட்டும் கோப்பதுதான் நடக்கிற காரியம், ஆனால் அப்போது அறுந்தாலும் உருவாத குணம் போய்விடுகிறது. அதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவது நியாயம்.

அந்தச் சிவப்பு

ஆர்மேனியப் பொருள் என்றாலே 'வோர்தான் கார்மிர்' சிவப்பு என்று விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். அது அராரத் சமவெளியின் உவர்நிலப் புல்வேரில் வாழும் பூச்சியிலிருந்து வந்த சாயம். அந்தச் சாயத்துக்காகவே அரபு எழுத்தாளர்கள் அங்குள்ள அர்தஷாத் நகரத்தைச் சிவப்புச் சாய ஊர் என்று குறித்திருக்கிறார்கள். அந்தப் பூச்சியின் வாழிடம் இன்று காப்பகம். பெண்பூச்சி செப்டம்பர், அக்டோபரில் கொஞ்ச நாள் விடியற்காலையில் மட்டும் தரைக்கு மேலே வரும். உலர்ந்த எடையில் சாயப்பொருள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, கொழுப்போ நிறைய, அதை முதலில் நீக்க வேண்டும். அமெரிக்கச் சாயப்பூச்சியான கொச்சினியலில் அதே சாயப்பொருள், கார்மினிக் அமிலம், 15 முதல் 20 சதவீதம். ஆக, கடையில் விற்கும் நூல் வோர்தான் கார்மிரில் தோய்த்ததாக இருக்க வாய்ப்பில்லை. கொச்சினியலில் அதே குடும்பச் சிவப்பை எடுத்து, கொச்சினியல் என்றே எழுதுங்கள்.

100 கிராம் பட்டு அல்லது கம்பளி நூலுக்குப் படிகாரம் 15 கிராம், கிரீம் ஆஃப் டார்டர் 5 கிராம். நூல் மூழ்கும் தண்ணீரில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து அப்படியே ஆறவிடுங்கள். கொதிக்கவிட்டால் பட்டின் பளபளப்பு போய்விடும். கொச்சினியல் தூள் 10 கிராம், மெல்லிய துணியில் வடிகட்டிய சாறு, அதே சூட்டில் 45 நிமிடம். போர் தண்ணீரில் செய்தால் சுண்ணாம்பால் சிவப்பு நீலம் பாய்ந்து ரோஸாகும், மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். இரும்புச் சட்டி ஆகவே ஆகாது, ஊதா இறங்கிவிடும். பருத்தி நூல் படிகாரத்தை மட்டும் வைத்துப் பிடிக்காது, முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மராஷுக்குப் பேர்ல் காட்டன் எடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டினால், முதல் அலசலிலேயே சிவப்பு இளஞ்சிவப்பாகி, அடியில் இருக்கும் வெளிர்த் துணியிலும் ஏறிவிடும். பின்னிய பிறகு சாயம் இறங்கினால் பிரித்து எடுக்க வழியில்லை. தோய்த்த நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, கறை விழாத பிறகே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.